துரைசானி ஆற்றிய டீ

போன மாதம் எங்கள் கம்பெனி கேன்டீனில் மகளிர் தின விழா நடந்தது. லைனில் வேலை பார்க்கும் பெண்களெல்லாம் ஷிப்ட் முடிந்ததும் புடவை மாற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். கேன்டீன் ஆட்களிலும் ஒருவர் மைக்கில் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்ல, எல்லோருமாக என்னைப் பிடித்து முன்னால் தள்ளினார்கள். நான் நழுவிப் போய்ப் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டேன். தேனிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் ஒரு பெண் பின்னாலேயே வந்தாள்.

"ஏக்கா, நீங்க ஸ்டேஜ் ஏறுனதே இல்லையாக்கா?" என்று கேட்டாள்.

ஏறியிருக்கிறேன். ஒரே ஒரு முறை, ஒரே ஒரு வசனம். அமெரிக்காவில் டீக்கடை வைத்திருக்கும் வெள்ளைக்காரத் துரைசானியாக நடித்தேன் என்று சொன்னதும், அவள் என் முகத்தையும் கையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிங்க்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் நிறம் அப்படி. நானும் சிரித்தேன். முகத்தில் பவுடர் பூசிய கதை வரைக்கும் அவளுக்குச் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை.

அப்போது நான் ஒன்பதாம் வகுப்பு. ஒரகடத்துக்கு உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில் நெல் வயல்களுக்கு நடுவே மஞ்சள் பெயின்ட் அடித்த கற்களை நட்டுக்கொண்டிருந்தார்கள். கம்பெனி வரப்போகிறது என்று பேச்சு. வந்த பாடில்லை. கல் நட வந்தவர்கள் எங்கள் கடையில்தான் டீ குடித்தார்கள். பஸ் நிற்கும் இடத்தில் அப்பா டீக்கடை வைத்திருந்தார். அம்மாவின் தம்பியான சின்ன மாமா வடை போடுவார். பள்ளி விட்டு வந்ததும் நான் பாய்லர் பக்கத்தில் நிற்பேன். யாரிடமும் வாய் திறக்காத எனக்கு டீ ஆற்ற மட்டும் நன்றாக வரும். இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு ஒரு முழ நீளத்துக்கு டீயை இழுத்தால் ஒரு சொட்டு கீழே விழாது.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கு சமூக அறிவியலுக்குப் புதிதாக ஒரு டீச்சர் வந்தார். நாகர்கோவில் பக்கம். ஸ்ரீபெரும்புதூரில் வாடகை அறை எடுத்துக்கொண்டு தினமும் பஸ்ஸில் வருவார். எங்களை 'மக்கா' என்பார், கோபம் வந்தால் 'ஏலே' என்பார், இரண்டும் எங்களுக்கு ஒரே மாதிரி வேடிக்கையாக இருக்கும். பாடத்தில் அமெரிக்காவில் கறுப்பர்களை நடத்திய விதம் பற்றி ஒரு பத்தி வந்தது. டீச்சர் அந்த ஒரு பத்தியை மூன்று நாள் நடத்தினார். மூன்றாம் நாள், ஆண்டு விழாவுக்கு இதையே நாடகமாகப் போடலாம் என்றார். நன்றாக அமைந்தால் காஞ்சிபுரத்தில் நடக்கும் மாவட்டப் போட்டிக்கு அனுப்புவார்கள் என்றும் சொன்னார்.

காஞ்சிபுரம் என்றதும் முதலில் எழுந்து நின்றவன் சேகர். வகுப்பிலேயே நன்றாகப் பேசக்கூடியவன், காலனிப் பையன். அவன் அப்பா எங்கள் பக்கத்து வயல்களில் கூலி வேலை செய்தார். சேகர் காஞ்சிபுரத்துக்குப் போனதில்லை. நானும் போனதில்லை என்றாலும், போக வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை. அவனுக்கு அன்று முதல் வேறு பேச்சே கிடையாது. கறுப்பு மனிதனாக நடிக்க அவனையே டீச்சர் எடுத்துக்கொண்டார்.

முதலில் நாடகம் டீக்கடையில் நடக்கவில்லை, பஸ்ஸில் நடந்தது. கறுப்பு மனிதன் பஸ்ஸில் முன் சீட்டில் உட்காருகிறான், கண்டக்டர் அவனை எழுப்பிப் பின்னால் போகச் சொல்கிறான், அவன் மறுக்கிறான். டீச்சர் உருகி உருகி எழுதியிருந்தார். வகுப்புப் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டு, ஹெட்மாஸ்டரையும் எட்டாம் வகுப்பையும் உட்காரவைத்து ஒத்திகை காட்டினோம். கண்டக்டர் வந்து, "எழுந்திரு! இது உனக்கான இடம் இல்லை!" என்று கத்தினான். எட்டாம் வகுப்பு முழுவதும் கைதட்டியது. கண்டக்டருக்கு.

"இவன் இன்னாத்துக்கும்மா லேடீஸ் சீட்ல ஒக்காந்தான்?" என்று ஹெட்மாஸ்டர் கேட்டார்.

டீச்சர் விளக்கினார். அங்கே முன் சீட்டெல்லாம் வெள்ளைக்காரர்களுக்கு, பின் சீட்டுகள் கறுப்பர்களுக்கு என்றார். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வாட்ச்மேன் தாத்தாவுக்கு அதுவும் புரியவில்லை.

"பின்னாடி சீட்டுன்னா நல்லதுதான டீச்சர்? நம்ப பசங்க அதுக்குத்தான தெனம் அட்ச்சிக்கிறானுங்கோ."

டீச்சர் விடவில்லை. மறுநாள் கறுப்பு மனிதனுக்குப் பதிலாகக் கறுப்புப் பெண்ணை உட்காரவைத்துப் பார்த்தார். இப்போது எல்லோருக்கும் கோபம் வந்தது. ஆனால் கறுப்பு வெள்ளை யார் மனதிலும் ஏறவில்லை. பொம்பளையை எழுப்பினானே என்றுதான் கோபம். டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

"பஸ்ஸ விடுங்க மக்கா. வேற எங்க வச்சா இந்த ஊரு ஆளுகளுக்கு வெளங்கும்?"

சேகர் பென்சில் சீவிக்கொண்டிருந்தான். தலையைத் தூக்காமலே, "டீக்கட வெச்சிக்கலாம் டீச்சர்" என்றான்.

எனக்கு மனம் துள்ளியது. எங்கள் தொழிலாயிற்றே. டீச்சர், கடைக்காரத் துரைசானியாக நடிக்க யாருக்கு டீ ஆற்றத் தெரியும் என்று கேட்டதும் மொத்த வகுப்பும் என் பக்கம் திரும்பியது. நான் டெஸ்க்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன்.

"அமெரிக்கால இப்டிதான் டீ ஆத்துவாங்ளா டீச்சர்?" என்று ஒருவன் கேட்டான்.

"நீ அமெரிக்காவ பாத்திருக்கியால? நானும் பாக்கல. அவ ஆத்தட்டும், நீ சும்மா இரி."

காட்சியை டீச்சர் அங்கேயே எழுதத் தொடங்கினார். கறுப்பு மனிதன் கடைக்குள் வந்து பெஞ்சில் உட்காருகிறான். துரைசானி அவனை எழுப்பி ஓரமாக நிறுத்தி, தனியாக வைத்திருக்கும் ஒரு டம்ளரில் டீ கொடுக்கிறாள். அவன் "சரிங்கம்மா" என்று குடிக்கிறான். கடைசிக் காட்சியில் ஊரிலுள்ள கறுப்பர்களெல்லாம் கடைக்கு வருவதை நிறுத்துகிறார்கள், துரைசானி மனம் மாறுகிறாள். இதுதான் கதை. டம்ளரைக் கொடுக்கும்போது துரைசானி என்ன சொல்வாள் என்று டீச்சர் பேனாவைக் கடித்துக்கொண்டு யோசித்தார்.

அந்த வகுப்பில் அதுவரை நானாக வாய் திறந்ததில்லை. அன்று திறந்தேன்.

"குட்ச்சிட்டு, கழுவி, கவுத்து வெச்சிட்டுப் போ."

டீச்சர் என்னைப் பார்த்தார். "ஒனக்கு எப்பிடிட்டி தெரியும்?"

"எங்க கடைல அப்பா அப்டிதான் டீச்சர் சொல்வாரு" என்றேன். ஒரு கேள்விக்கு முழுதாகப் பதில் சொல்லிவிட்ட பெருமை எனக்கு.

டீச்சர் வாயிலிருந்த பேனாவை எடுத்தார். பிறகு என் வசனத்தை எழுத்துத் தமிழில் திருத்தி எழுதிக்கொண்டார். சேகரின் பென்சில் முனை உடைந்துவிட்டது. அவன் மறுபடி முதலிலிருந்து சீவ ஆரம்பித்தான்.

எங்கள் கடை முன்பக்கம் கண்ணாடி கிளாஸ்கள் கம்பிக் கூடையில் இருக்கும். பக்கவாட்டில், கூரையைத் தாங்கும் மூங்கில் தூணில் நான்கு ஆணிகள். அவற்றில் காது வைத்த நான்கு அலுமினிய டம்ளர்கள் தொங்கும். காலனிக்காரர்கள் வந்தால் அதில் ஒன்றை அவர்களே எடுத்துக் கழுவி நீட்டுவார்கள். அப்பா மேலேயிருந்து டீயை ஊற்றுவார். அவர்கள் தூணோரம் நின்று குடித்துவிட்டு, கழுவிக் கவிழ்த்து மாட்டிவிட்டுப் போவார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அது அப்படித்தான். டீத்தூள் டப்பாவில் டீத்தூள், சர்க்கரை டப்பாவில் சர்க்கரை, தூணில் அந்த டம்ளர்கள்.

ஒரு முறை வீட்டில் மொத்தமாகப் பாத்திரம் தேய்த்தபோது அந்த நான்கும் எங்கள் டம்ளர்களோடு கலந்துவிட்டன. அன்று அம்மா ஒரே கூப்பாடு. இனிக் கலக்கக் கூடாது என்று அடியில் சிவப்புப் பெயின்டில் அடையாளம் வைக்கச் சொன்னாள். எனக்குப் படம் வரைய வரும் என்பதால் என்னிடம் கொடுத்தாள். வெறும் புள்ளி வைக்க மனம் வராமல் நான்கு டம்ளரிலும் ஐந்து இதழ் வைத்த பூவாகவே வரைந்தேன். நான்கும் ஒரே அளவு. பார்த்துவிட்டு அம்மா, "சோக்கா கீதுடி" என்றாள்.

ஒத்திகைகளில் நாங்கள் டம்ளரே வைத்துக்கொள்ளவில்லை. சாக்பீஸ் டப்பாவை நீட்டுவேன், சேகர் வாங்கி உறிஞ்சுவது போலச் சத்தம் எழுப்புவான். அவ்வளவு அருமையாக உறிஞ்சுவான், எங்களுக்கே டீ குடிக்க வேண்டும் போலிருக்கும். விழா அன்று வீட்டிலிருந்து இரண்டு விதமான டம்ளர் கொண்டு வா என்று டீச்சர் என்னிடம் சொல்லியிருந்தார். என்ன விதம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எனக்கென்ன தெரியாதா?

விழா பள்ளி மைதானத்தில், வெயில் தாழ்ந்ததும் ஆரம்பித்தது. அடுத்த வீட்டு அக்காவின் நைட்டிதான் எனக்குக் கவுன். இடுப்பில் சின்ன மாமாவின் பெல்ட். தலையில் சாக்கு நூலைப் பிரித்துச் செய்த மஞ்சள் முடி. முகத்துக்கு ஒரு டப்பா பவுடர் ஆனது. போடப் போட வியர்வையில் கரைந்துவிட, மேலும் மேலும் அப்பினார்கள். கண்ணாடியில் பார்த்தால் கல்யாணப் பூசணிக்காய் மாதிரி இருந்தேன். சேகருக்கு நேர் எதிர். அவன் நல்ல சிவப்பு. தோசைக்கல்லின் கரியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து அவனுக்குப் பூசினார்கள். கறுப்பாக இருக்கும் என்னை வெள்ளையாக்கவும் சிவப்பாக இருக்கும் அவனைக் கறுப்பாக்கவும் அரை மணி நேரம் பாடுபட்ட ஓவிய ஆசிரியர், "பேசாம பார்ட்ட மாத்திக் குட்த்திருக்கலாம், ஒரு பவுடர் டப்பா மிச்சம்" என்று அலுத்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தோம். சேகரும் சிரித்தான்.

"வசனத்த மறந்துடாத" என்று அவன் என்னிடம் சொன்னான். "ஒண்ணே ஒண்ணுதான் ஒனக்கு. நீ சொதப்பனா காஞ்சிபுரம் கோவிந்தா."

"மறக்க மாட்டேன்" என்றேன். உள்ளங்கை ஈரமாகி, கையிலிருந்த துணிப்பை நனைந்துவிட்டது. அதில் ஒரு கண்ணாடி கிளாஸும், தூணிலிருந்து எடுத்துவந்த ஒரு டம்ளரும் இருந்தன.

முன்வரிசைகளில் எங்கள் தெருக்காரர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வரிசையில் அப்பா, சின்ன மாமா. பின்னால், மைதானத்தின் ஓரத்தில் காலனிக்காரர்கள் நின்றார்கள். சேகரின் அப்பா தலைத்துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு நின்றது மேடையிலிருந்து தெரிந்தது.

நாடகம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. நான் டீ ஆற்றியதும் முன்வரிசையில் விசில் பறந்தது. வெள்ளைக்கார வாடிக்கையாளராக வந்த ரைஸ் மில்காரர் மகனுக்குக் கண்ணாடி கிளாஸில் டீயை ஊற்றி அவன் முன்னால் வைத்தேன். சேகர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தான். நான் விரலை நீட்டினேன், அவன் எழுந்து ஓரமாகப் போனான். டம்ளரில் டீயை ஊற்றிக் கொடுத்து, உலகத்தையே கையில் எடுத்துக்கொண்டது போல என் வசனத்தைச் சொன்னேன்.

"இந்தா, இது உன் டம்ளர். குடித்துவிட்டு, கழுவி, கவிழ்த்து வைத்துவிட்டுப் போ!"

பிசகவில்லை. இனி அவன் "சரிங்கம்மா" என்று சொல்லிக் குடிக்க வேண்டும்.

அவன் டம்ளரை வாங்கினான். அதன் காதைப் பார்த்தான். பிறகு அதைத் தலைக்கு மேலே தூக்கி அடியைப் பார்த்தான். அப்படியே நின்றான்.

சேகருக்கு வசனம் மறந்துவிட்டது! எதையும் மறக்காதவன், இன்று பார்த்து மறந்துவிட்டான். திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் எதுவும் எடுத்துக்கொடுக்கவில்லை. நான்தான் காப்பாற்ற வேண்டும். வசனத்தை இன்னொரு முறை சொன்னேன். அவன் அசையவில்லை. எழுத்துத் தமிழில் சொல்வதால் அவனுக்குப் பிடிபடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மூன்றாம் முறை நம் பேச்சிலேயே, எனக்குத் தெரிந்த ஒரே ராகத்தில், மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"டேய், இன்னாடா பாத்துகினு நிக்கிற? குட்ச்சிட்டு, கழுவி, கவுத்து வெச்சிட்டுப் போடா!"

அப்பாவின் குரல் அச்சாக வந்தது. முன்வரிசையில் குபீரென்று சிரிப்பு. "அப்பன் மாரியே பேசுதுபா!" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு ஏனோ பாதியிலேயே நின்றுபோனது. பின்னால் நின்றவர்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

சேகர் டம்ளரை மேஜையில் வைத்தான். அதில் ஒரு சொட்டும் குறையவில்லை. நேராகப் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தான். ரைஸ் மில்காரர் மகன் முன்னாலிருந்த கண்ணாடி கிளாஸை எடுத்தான். அந்தப் பையன், "டேய், அது என்துடா" என்று மெதுவாகச் சொன்னதும் மைக்கில் கேட்டது. சேகர் குடித்தான். சூடான டீயை நிறுத்தாமல், அவசரப்படாமல் முழுவதும் குடித்தான். வெறும் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"டீ நல்லாகீதுங்க தொரசானி" என்றான்.

இது நாடகத்தில் இல்லை. பின்னாலிருந்து எழுந்த கைதட்டலும் விசிலும் அடங்க நேரமாயிற்று. டீச்சர் திரையை இழுத்துவிட்டார். கடைசிக் காட்சியைப் போடவேயில்லை. மேடையை ஒதுக்கும்போது பார்த்தேன், எங்கள் கண்ணாடி கிளாஸின் விளிம்பில் அவன் உதட்டுக் கரி இரண்டு பிறையாக ஒட்டியிருந்தது.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அப்பா எனக்கு முன்னால் வேகவேகமாக நடந்தார். வீட்டு வாசலில் சின்ன மாமாதான் ஆரம்பித்தார்.

"ஊர்ல வேற டம்ளரா இல்ல? அத்தப் போயி தூக்கினு போயிகீது பாரு இந்தப் பொண்ணு."

"வுடுப்பா" என்றார் அப்பா. "அது இன்னா பண்ணும்? நான் சொன்னதத்தான சொல்லிச்சி."

அடிப்பார் என்று பயந்துகொண்டிருந்த எனக்கு அது பாராட்டு மாதிரி கேட்டது.

நாடகத்தைக் காஞ்சிபுரத்துக்கு அனுப்பவில்லை. எழுதியது ஒன்று, நடித்தது ஒன்று, இதை எப்படி வெளியூருக்கு அனுப்புவது என்று ஹெட்மாஸ்டர் சொல்லிவிட்டார். டீச்சர் அவர் அறைக்குள் போய் வெகுநேரம் வாதாடினார். வெளியே வரும்போது அவர் கண் சிவந்திருந்தது. பிறகு ஆறாம் வகுப்புப் பிள்ளைகளின் கும்மி காஞ்சிபுரத்துக்குப் போனது.

அந்த வாரம் முழுக்கக் காலனியிலிருந்து ஒருவரும் டீ குடிக்க வரவில்லை. அப்பா பாய்லர் பக்கத்தில் நின்றுகொண்டு காலனிப் பக்கத்து வழியையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு காலையில் பார்த்தால் தூணில் ஆணிகள் மட்டும் இருந்தன. டம்ளர்கள் எங்கே என்று அம்மாவைக் கேட்டேன். துருப்பிடித்துவிட்டது, போட்டாயிற்று என்றாள். அலுமினியம் துருப்பிடிக்காது என்று அப்போதுதான் பாடத்தில் படித்திருந்தேன். நான் வரைந்த பூக்களும் போய்விட்டனவே என்று கொஞ்சம் வருத்தமாக இருந்தது.

மறுநாள் அப்பா ஸ்ரீபெரும்புதூர் போய் ஒரு பெரிய கட்டு வாங்கிவந்தார். வெள்ளை வெளேரென்ற பிளாஸ்டிக் கப்புகள். ஒன்றுக்குள் ஒன்றாக, முழ நீளத்துக்கு. அப்போதெல்லாம் பணக்காரக் கல்யாணங்களில்தான் அவற்றைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கட்டைச் சணலால் கட்டி, அதே ஆணியில் மாட்டினார் அப்பா.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாடகத்துக்குப் பிறகு சேகர் என்னோடு பேசவில்லை. இந்தச் செய்தியைச் சொன்னால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். பள்ளிக்குப் போனதும், வாழ்நாளில் முதல்முறையாக நானே போய் ஒரு பையனிடம் பேசினேன்.

"எங்க கடைல அந்தப் பழைய டம்ளர எல்லாம் தூக்கிப் போட்டாச்சி. உங்களுக்குன்னே புது கப்பு வந்துகீது. ஒரு தபா குட்ச்சிட்டு தூக்கிப் போட்டுடலாம். கழுவக்கூட வேணாம்!"

சேகர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான்.

"உங்களுக்கு?" என்றான்.

"எங்களுக்கெல்லாம் அதே பழைய கிளாஸுதான்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அவன் என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்ததாக நினைவில்லை. பிறகு புத்தகத்துக்குக் குனிந்துகொண்டான். பத்தாம் வகுப்பு முடியும் வரை அவன் என்னோடு பேசவேயில்லை. அவன் வசனத்தை மறந்து நின்றபோது என் வசனத்தை ஊர் முன்னால் மூன்று முறை சொல்லி அவன் மானத்தை வாங்கிவிட்டேன், அந்தக் கோபம்தான் இன்னும் தீரவில்லை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.